கல் வெளுக்கிற வரைக்கும்

தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டேதான் இருந்தது இந்தக் கறுப்பு. எந்தக் கடையின் மொட்டைமாடியில், எத்தனை மழைக்கும் வெயிலுக்கும் கிடந்த கல்லோ, பாசி காய்ந்து, அதன்மேல் தூசி படிந்து, தூசிமேல் மறுபடியும் பாசி பிடித்து, விரல் நுழையாத பொந்துக்குள்ளெல்லாம் போய் அப்பிக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் பழைய டூத்பிரஷ்ஷை விட்டுக் குடைந்தார். குடைந்தால் கறுப்புத் தண்ணீர் வழிந்தது, கழுவினால் உள்ளே இன்னொரு பொந்து தெரிந்தது, அதற்குள் இன்னும் கறுப்பு. போதும்டா சாமி என்றிருந்தது. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மனுஷன் கொஞ்சம் கட்டையைச் சாய்க்கிற நேரம் இது, ரிட்டயரான மனுஷன் அதுகூடச் செய்யக்கூடாதா என்ன, ஆனால் படுத்தால் கண்ணை மூட வேண்டும், மூடினால் யோசனை வரும், அதற்கு இந்த பால்கனியும் முக்காலியும் எவ்வளவோ மேல். முன்னால் கோணிச் சாக்கில் கறுப்புக் கல், கடைசி ஈடு. பக்கத்தில் மூடி போட்ட நீலத் தொட்டியில் ஆசிட் தண்ணீருக்குள் போன ஈடு. முதுகுக்குப் பின்னால் சுவரோரம் வெளுத்து முடிந்த கற்கள், காக்கா எச்சமிடாமல் இருக்கப் பழைய போர்வை போட்டு மூடியவை. மூன்றாவது மாடி என்றால் காக்காய்க்கு ரொம்ப இளக்காரம். உள்ளே ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடை சோபாவில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்துதான் இருக்கிறாளா, சாய்ந்துவிட்டாளா, திரும்பிப் பார்த்தால் கதவு வழியாகத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கல்லைப் பொறுக்குவதற்கே ஒரு நாள் போயிற்று. கொளத்தூரில் வண்ணமீன் கடைத் தெருவில் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடைக்காரன் மாடிக்குக் கூட்டிப்போய்க் குவியலைக் காட்டினான், எடுத்துக்கோங்க சார், எது வேணுமோ எடுத்துக்கோங்க, கல்லுல போய் என்ன சார் இருக்கு. என்ன இருக்கா! அடேய், கல்லில்தானடா எல்லாமே இருக்கிறது. கடல் தண்ணீர்த் தொட்டிக்கு இதுதான் அடி, இதன் மேல்தான் பவளப்பூச்சி உட்காரும், இதன் பொந்துக்குள்தான் கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருந்து மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் பண்ணும். கல் சரியில்லை என்றால் எத்தனை மீன் விட்டாலும் சாவு வீடுதான். கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல்லே கிடைக்கும் என்று ஒருவன் காதோடு காதாகச் சொன்னான், அவர் வேண்டாம் என்று நகர்ந்துவிட்டார், பவளத்தில் கை வைத்தால் கேஸ், இந்த வயசில் ஃபாரஸ்ட் ஆபீஸ் வாசலில் போய் நிற்கவா. காய்ந்த கல் போதும். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். பார்க்கப் பெரிதாக இருக்க வேண்டும், தூக்கினால் லேசாக இருக்க வேண்டும், அதுதான் உள்ளே பொந்துள்ள கல். கனத்துக் கிடப்பதைத் தள்ளினார். துருக்கோடு ஓடியதைத் தள்ளினார், இரும்பு இறங்கினால் தண்ணீர் கெட்டுப்போகும். பாக்கெட்டில் கொண்டுபோன வினிகரை ஒரு சொட்டு விட்டு, நுரைத்ததை எடுத்தார், சும்மா இருந்ததைப் போட்டார். என்ன சார், பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க என்றான் கடைக்காரன். பெண் பார்த்தபோது இப்படியெல்லாம் பார்க்கவில்லை. மாமா மகள், பாளையங்கோட்டையில் ஓடி விளையாடிய பிள்ளை, பார்க்கவே இல்லை, கட்டிக்கொண்டாயிற்று. கல்லுக்குக் காட்டிய கவனத்தில் பாதியாவது காட்டியிருக்கலாமோ. என்னத்தைப் பேச. அன்றைக்கு ஆட்டோவில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கையெல்லாம் பொடி, அவள் வாசலிலேயே நின்று, அய்யய்ய, குப்பையில இருந்து பொறுக்கினீங்களா அத்தான் என்று சிரித்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்தது. கல் தெரிந்தது, கல்லின் அழுக்கும் தெரிந்தது.

அவளுக்காகத்தானே இது. முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணி, ஒரு தரம் வாய் திறந்து அத்தான் எனக்கு இது வேணும் என்று கேட்டதில்லை. கேட்டது கண்ணாஸ்பத்திரியில். கண்ணில் மருந்தை விட்டு உட்கார வைத்திருந்தார்கள், ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு கடல் தொட்டி, இவள் எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றுகொண்டாள். அத்தான், இந்த ஊதாவப் பாத்தீங்களா, இது என்ன கல்லா, கல்லுக்கு ஊதா அடிச்சிருக்காங்களா. அடிக்கவில்லை, தானாகப் படிகிறது, கடலுக்குள் கல்லின் மேல் வளர்கிற ஒரு பாசி அது என்று பக்கத்திலிருந்த யாரோ சொன்னார்கள். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் பெயின்ட் செக்‌ஷனில் பணி முடித்தவர் சங்கரலிங்கம், அவருக்கே அந்த ஊதாவுக்கு ஷேடு சொல்லத் தெரியவில்லை. நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு வெப்போமா என்றாள். எனக்கு இது மட்டும் தெரிஞ்சாப் போதும். இடது கண் அதற்கு முன்னாலேயே போய்விட்டது, சர்க்கரை தின்றுவிட்டது. வலது கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட்ட டாக்டரம்மா கறாராகச் சொன்னாள், பார்வையில கறுப்பா எதாவது மிதந்தாலோ, நூல் நூலா வந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னைக்கே வந்துடணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வெக்கக் கூடாது, அப்புறம் வந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவர் தலையை ஆட்டினார். அவளும் தலையை ஆட்டினாள். அவள் இன்னும் அந்த ஊதாவிலேயே இருந்தாள் என்று நினைக்கிறார், டாக்டர் சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்கமாட்டாள், ஆனால் இவர் கேட்டாரே, இவர் காதில் விழுந்ததே. சரி, அப்படி ஒன்றும் இல்லை. இருந்தால் சொல்லமாட்டாளா. பிரஷ் வழுக்கிக் கல் முனை கட்டைவிரலில் குத்தியது, சனியன்.

அவசரப்படக் கூடாது என்பதுதான் இதில் முதல் பாடம். போனில் இருக்கிற தொட்டிக்காரர்கள் குரூப்பில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள், கடல் தொட்டியில் சீக்கிரமாக நடப்பதெல்லாம் கெட்டது மட்டும்தான் ஐயா, பொறுமையாகப் போங்கள். தேய்க்க வேண்டும். தேய்த்ததை ஆசிட்டில் போட்டு மேல்தோலைக் கரைக்க வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் மூஞ்சியில் அடிக்கும். பிறகு சமையல் சோடா போட்ட தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அப்புறம் டிரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து, மோட்டார் ஓடவிட்டு, இருட்டில் மூடிவைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கல்லுக்குள் மிச்சமிருக்கிற செத்ததெல்லாம் அழுகித் தீர்ந்து, கிருமி குடியேறி, தண்ணீரில் விஷம் இல்லை என்று ஆகிறவரைக்கும். அதற்கப்புறம் தொட்டி. முதலில் கல் மேல் பழுப்புப் படியும், அப்புறம் பச்சை படியும், பார்க்கவே அருவருப்பாக இருக்குமாம், பயப்படாதீர்கள் என்கிறார்கள். எல்லாம் கடந்து அந்த ஊதா வர ஒரு வருஷமாகலாம், மேலேயும் ஆகலாம். ஒரு வருஷம்! அவர் அந்த இடத்தில் வந்துதான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கிறார். கல்லுக்கு வருஷம் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு இருக்கிறதா. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது, பேசாமல் ஒரு கோட் அடித்துவிட்டால் என்ன, தண்ணீரில் கரையாத பெயின்ட் இருக்கிறது, ஊதாவில் கொஞ்சம் ரோஸ் கலந்து, அவர் கை படாத ஷேடா, அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடலாம், அவளுக்கு என்ன தெரியப்போகிறது. அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று தன் வாயே தனக்குள் சொன்னதைக் கேட்டு, நுரையைத் துப்பிவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் வந்துவிட்டார். வேண்டாம். உள்ளதை உள்ளபடி செய்வோம். கல் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

நீலத் தொட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். சொரசொரவென்ற நுரைச் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடுங்குகிற நெடி. பாத்ரூமில் இருந்த ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார், ஆசிட்டும் அதுவும் ஒன்று சேர்ந்தால் வருகிற புகை நெஞ்சையே பொசுக்கிவிடும். எல்லாவற்றிலும் அவ்வளவு கவனம். இந்தப் பக்கம் வராதே ஆவுடை, நெடி கண்ணுக்கு ஆகாது என்று ஞாயிற்றுக்கிழமை முதல் ஈட்டைப் போட்டபோதே சொல்லிவிட்டார். அவளும் வரவில்லை. வரவே இல்லை. ஒரு தரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எங்கேயோ இடிக்கிறது. துணி ஊறவைக்கிற தொட்டியை எடுத்து ஆசிட் ஊற்றியிருக்கிறார், பழைய ஆவுடையாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும், உங்க கூத்துக்கு என் தொட்டிதான் கெடச்சுதா என்று. சத்தமே இல்லை. கீரை வேறு. செவ்வாய்க்கிழமை கீரைக்காரி கீழே நின்று கத்தினாள், வேண்டாம், ஆய உடம்புக்கு முடியல என்றுவிட்டாள் இவள், கீரை இல்லாமல் சோறு இறங்காதவள். நேற்று தட்டில் சாதம் போடும்போது இடது கையால் தட்டு விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டாள். லைட் போடவில்லை, அதனால்தான். மேகமூட்டமாக இருந்தது. இருந்ததா? குளிக்கப் போனபோது சுவரில் கையை வைத்துக்கொண்டே போனாள். வயசாகிறது, முழங்கால் வலிக்கும், நான்கூடத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார், பதில் தீர்ந்துபோனால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டார். இப்போது டி.வி.யில் ஒருத்தன் வெகுநேரமாக ஒரே மிக்ஸியை விற்றுக்கொண்டிருக்கிறான். இன்றே போன் செய்யுங்கள், இன்றே போன் செய்யுங்கள். அவளுடைய சீரியல் நேரம் இது. மிக்ஸி விற்கிறவனை எதற்கு இவ்வளவு நேரம் பார்க்கிறாள்?

“ஆவுடை, என்ன ஓடுது டி.வி.யில?” திரும்பாமலே குரல் கொடுத்தார்.

“என்னமோ ஓடுது அத்தான். சும்மா போட்டுவிட்ருக்கேன்.”

“சீரியல் இல்லையா இன்னைக்கு?”

“அலுத்துப்போச்சு. அழுதுட்டே இருக்காளுவ.”

அதானே, அலுத்துப்போயிருக்கும். யாருக்குத்தான் அலுக்காது. அவருக்கே எல்லாம் அலுத்துத்தான் கிடக்கிறது. பிரஷ்ஷை எடுத்தார், தேய்த்தார், கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. நூல் நூலாக வழிந்தது. நூல் என்றதும் டாக்டரம்மாவின் முகம் வந்து நின்றது. எழுந்து போய் நேருக்கு நேர் கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன ஆகும்? அதெல்லாம் ஒண்ணுமில்ல என்பாள், நிம்மதியாக வந்து தேய்க்கலாம். அல்லது ஆமா என்பாள். ஆமா என்றால்? ஆட்டோ, ஆஸ்பத்திரி, டோக்கன், அந்த ஹால், அந்த ஊதாத் தொட்டிக்கு முன்னால் அவளை உட்கார வைக்க வேண்டும், அவள் அதைப் பார்க்கிறாளா இல்லையா என்று இவர் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அய்யோ, அது முடியாது. அந்த ஒன்று மட்டும் தன்னால் முடியவே முடியாது. அதற்குக் கல் தேவலை. கல் கேட்டதற்கு மேல் ஒன்றும் கேட்காது. இந்தக் கடைசி ஈடு முடியட்டும், ஆசிட்டிலிருந்து எடுத்ததை அலசி வைத்துவிடுவோம், ராத்திரி சாவகாசமாகப் பேச்சோடு பேச்சாகக் கேட்போம். கையுறை போட்டால் கல் வழுக்குகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, மூடியைத் திறந்து வெறும் கையை விட்டே ஒரு கல்லைத் தூக்கினார். நகக்கண்ணில் சுரீரென்றது. கல் எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. நல்ல வெளுப்பு. அலசாமலே அதைப் பின்பக்கம் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்ததைத் தூக்கினார், அதையும் தள்ளினார், தொட்டியை மூடினார்.

டி.வி. நின்றது. சோபா கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு கால் தரையைத் தேய்க்கிற சத்தம், ஒரு நிறுத்தம், இன்னொரு தேய்ப்பு, சாப்பாட்டு மேஜை நாற்காலியில் ஏதோ லேசாக இடித்தது. ஆவுடை பால்கனி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தலை சீவி, பூப்போட்ட சேலையைத் திருத்தமாகக் கட்டி, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி வந்தால் வைக்கிற சிரிப்பு. வாசல்படிக்கு நேர் எதிரே கோணிச் சாக்கு விரித்துக் கிடந்தது, அதில் கறுப்பும் பச்சையுமாகக் கடைசி ஈடு, வெயில் நேராக அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

“அடேயப்பா,” என்றாள் ஆவுடை, சாக்கைப் பார்த்து. “எல்லாம் பளிச்சுன்னு வெளுத்துப்போச்சே அத்தான். நல்லாத் தேச்சிருக்கீங்க.”

முதல் நொடியில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தது, இத்தனை நாள் கழித்து ஒருத்தி வந்து நல்லாயிருக்கு என்கிறாளே என்று. அப்புறம் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். பின்னால் போர்வையைப் பார்த்தார், போர்வை மூடியபடியே கிடந்தது. மறுபடி சாக்கைப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்புகிற மாதிரி இல்லை. சாக்கிலிருந்து உள்ளதிலேயே கறுத்த கல்லை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை, தெரிந்துகொண்டதற்கு அப்புறமும் மனுஷனுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறதே.

“இது எப்படியிருக்கு?”

அவள் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். கண் கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றது. “இதுவுந்தான். இதுல கொஞ்சம் மஞ்சளிச்சாப்ல இருக்கோ?”

“ஆவுடை.”

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

“எப்பத்திலேர்ந்துளா?”

“என்னது எப்பத்திலேர்ந்து?”

“எங்கிட்ட சொல்லு. எப்பத்திலேர்ந்து தெரியல?”

அவள் நிலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “ஞாயித்துக்கெழம சாயங்காலம் கறுப்பா நூல் நூலா வந்திச்சு. மறுநா ஒரே சிவப்பாப் போயிட்டு. இப்ப வெளிச்சம் மட்டும் தெரியுது. நீங்க இங்ஙன உக்காந்திருக்கது நெழலாட்டம் தெரியுது.” அதைச் சொன்னபோது அவளுக்கே அது பெரிய விஷயம் மாதிரி குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

“ஏன்ளா சொல்லல? அந்தம்மா அவ்வளவு சொன்னாளே, அன்னைக்கே வரணும்னு சொன்னாளே! இத்தன நாளு வாய மூடிட்டு இருந்திருக்கியே, ஏன்ளா?” அவர் கத்தியது எதிர் பிளாக் வரை கேட்டிருக்கும்.

“சொன்னா நிறுத்திருவீங்க,” என்றாள் ஆவுடை. “கண்ணே போச்சு, இனி யாருக்குத் தொட்டின்னு இதையெல்லாம் தூக்கிக் கீழ போட்ருவீங்க. நீங்க பாட்டுக்கு இங்ஙன உக்காந்து தேச்சிட்டிருந்தீங்க. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு உள்ள உக்காந்திருக்க எனக்கு நல்லாருந்துச்சு. ஊதா வரப்போகுதுன்னே நெனச்சிட்டு இருந்தேன். கல்லு வெளுக்கிற வரைக்குமாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” சிரிப்பு இப்போது போய்விட்டது, உதடு கோணிக்கொண்டது. “பயமா இருக்கு அத்தான்.”

அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கீரை வேண்டாம் என்றபோதே தெரியும். தட்டு விளிம்பில் அந்த விரல் ஓடியபோது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு கல்லாக எடுத்து எடுத்துத் தேய்த்தார், அவள் சொல்லக்கூடாது என்று அவர் தேய்த்தார், அவர் நிறுத்தக்கூடாது என்று அவள் சொல்லாமல் இருந்தாள். நல்ல புருஷன், நல்ல பெண்டாட்டி! ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று விலைமதிக்க முடியாத நாலு நாளைக் கரைத்துவிட்டு இங்கே கல் எவ்வளவு வெளுப்பு என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் வரை புறநோயாளிப் பகுதி இருக்கும், இப்போதே கிளம்பினால் டாக்டரம்மாவைப் பிடித்துவிடலாம், ரத்தம் கசிந்திருந்தால் ஆபரேஷன் பண்ணி எடுப்பார்களாம், யாருக்கோ எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார், அவருக்குப் பார்வை திரும்பி வந்ததாம், எல்லாருக்கும் வராதாம். ஆட்டோ கூப்பிட வேண்டும். ஃபைல் பீரோவில் இருக்கிறது. எழுந்தார், முக்காலி கவிழ்ந்தது.

ஆவுடை கையை நீட்டினாள். அவர் இருக்கிற பக்கம் என்று நினைத்து, கொஞ்சம் விலகி, சுவரைப் பார்த்து நீட்டினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பட்டப்பகலில், அக்கம்பக்கம் பார்க்க, கை நீட்டியதில்லை. அவர் பிடிக்கப் பாய்ந்தார், பாய்ந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

“தொடாத, தொடாத! கை பூரா ஆசிட். எங்கையத் தொட்டுட்டுக் கண்ணத் தேச்சிராத. இந்தா வந்துட்டேன், அப்படியே நில்லு.”

பாத்ரூமுக்கு ஓடிக் குழாயைத் திறந்தார். சோப்பு, மறுபடி சோப்பு, முழங்கை வரை. நகக்கண்ணில் எரிச்சல் அடங்கவில்லை, எரிகிறது என்றால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே திறந்திருந்த கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தார். அவள் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், இன்னொரு கை அந்தரத்தில் நீட்டியபடியே இருந்தது, விரல்கள் காற்றைத் துழாவின. கையை மடக்கினால் அவர் அதைத் தேடிப்பிடிக்க முடியாமல் போய்விடும் என்று அவளுக்கு யாரோ சொல்லிவைத்த மாதிரி, குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவள் அதை மடக்கவே இல்லை.